ஆடுகளத்தின் கடைமடை

ஆட்டம் முடிந்து நடுவரின் ஊதல் ஒலித்த மறுகணமே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. வென்ற அணியின் பயிற்சியாளரை மாணவர்கள் தோளில் தூக்குகின்றனர். தோற்ற அணியின் பயிற்சியாளர் பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு தனியே நடக்கிறார். அந்த ஆண்டு முழுவதும் விடியற்காலைகளில் அவ்விருவரும் என்ன செய்தனர் என்பதைப் பார்வையாளர் எவரும் கண்டதில்லை. கூடைப்பந்தாட்டம் நடைபெறும் நேரம் 40 நிமிடம். அதன் முடிவில் பலகையில் தெரியும் இரண்டு எண்களே இரண்டு மனிதர்களின் ஓராண்டு உழைப்புக்கு மதிப்பெண்களாகிவிடுகின்றன.

திருச்சிராப்பள்ளி கல்லூரிகளால் பெயர்பெற்ற நகரம். 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்தது. தேசியக் கல்லூரி 1919இலும் ஜமால் முகமது கல்லூரி 1951இலும் தொடங்கப்பட்டன. லால்குடி, முசிறி, துறையூர் ஆகிய ஊர்களிலிருந்தும் காவிரிக்கு அக்கரையிலுள்ள திருவரங்கத்திலிருந்தும் நாள்தோறும் மாணவர்கள் திருச்சியின் கல்லூரிகளுக்கு வருகின்றனர். அவர்களுள் சிலருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிடுவது விளையாட்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம்பெறும் ஒரு மாணவிக்குக் கல்லூரியில் கிடைப்பவை மூன்று ஆண்டுகள் மட்டுமே. அம்மூன்று ஆண்டுகளில் அவர் களத்தில் ஓடுவதும், பலகை இருக்கையில் அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்ப்பதும், காயம்பட்டு ஒதுங்குவதும் பெரும்பாலும் ஒருவரின் முடிவைப் பொறுத்தவை. அவரே பயிற்சியாளர். ஆகவே, நல்ல பயிற்சியாளர் யார் என்னும் வினா கல்லூரி நிருவாகத்துக்கு மட்டும் உரியதாகாது. அந்த மாணவியின் வாழ்வும் அதில் அடங்கியுள்ளது.

கோப்பை வென்றவரே நல்ல பயிற்சியாளர் என்பது எளிய விடை. இவ்விடையைச் சிறிய கணக்கொன்றால் சோதித்துப் பார்க்கலாம். பதினாறு கல்லூரிகள் கலந்துகொள்ளும் போட்டி ஒன்று. தோற்றவர் உடனே வெளியேற வேண்டும் என்பது விதி. கோப்பையைப் பெற ஓர் அணி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் வெல்ல வேண்டும். பத்து ஆட்டங்கள் ஆடினால் ஏழில் வெல்லும் திறமுடைய வலிமையான அணி அப்போட்டிக்கு வருவதாகக் கொள்ளலாம். அவ்வணி நான்கு ஆட்டங்களிலும் அடுத்தடுத்து வெல்வதற்கான வாய்ப்பு, 0.7 என்னும் எண்ணை நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும். விடை 0.24. அதாவது, பிற அணிகளைவிடத் தெளிவாக மேம்பட்டிருக்கும் அணியும் நான்கு போட்டிகளுக்குச் சென்றால் ஏறத்தாழ மூன்றிலிருந்து வெறுங்கையுடனேயே திரும்பும். ஒரே ஒரு கோப்பையை வைத்துப் பயிற்சியாளரை உயர்த்துவதும், ஒரே ஒரு தோல்வியை வைத்து அவரை நீக்குவதும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவெடுப்பதற்குச் சற்றே மேம்பட்ட செயல்கள், அவ்வளவே.

வெற்றியில் நற்பேற்றின் பங்கு ஒருபுறமிருக்க, வரவின் பங்கு மற்றொன்று. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை காவிரியாகவும் மற்றொரு கிளை கொள்ளிடமாகவும் ஓடுகிறது. அவ்விரு கிளைகளுக்கு நடுவே அமைந்த தீவே திருவரங்கம். பிரியும் இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் முயற்சியால் மேலணை எழுந்தது. அங்கு வந்துசேரும் நீரின் அளவை அணையில் பணியாற்றுவோர் முடிவு செய்வதில்லை. குடகில் பெய்த மழையும் மேட்டூரில் திறக்கப்பட்ட நீருமே அதனை முடிவு செய்கின்றன. ஆற்றில் வெள்ளம் புரண்டோடுவதைக் கண்டு மதகுக்காரரைப் பாராட்டுவாரும் இல்லை. மணல் தெரிவதைக் கண்டு அவரைப் பழிப்பாரும் இல்லை. வந்த நீரை வீணாக்காமல் பகிர்ந்தாரா என்பதே அவரிடம் கேட்கத்தக்க கேள்வி. அதற்கான விடை முக்கொம்பில் கிடைக்காது. நெடுந்தொலைவு கடந்து, நாகப்பட்டினத்துக் கடைமடை வயலில்தான் கிடைக்கும். தலைமடையில் நீர் நிற்பது இயல்பு. கடைமடை நனைந்திருந்தால்தான் பாசனம் செம்மையாக நடந்ததாக உழவர் ஒப்புக்கொள்வர்.

கல்லூரி அணிகளுக்கும் வரவு ஒன்றுபோல் இருப்பதில்லை. பள்ளிப் பருவத்திலேயே மாநில அளவில் ஆடிய உயரமான ஆட்டக்காரர் நால்வர் ஓர் அணிக்கு வந்துவிடுவதுண்டு. மற்றோர் அணிக்கு, கல்லூரியில் சேர்ந்த பின்னரே முதன்முதலாகப் பந்தைத் தொட்டவர்கள் வருவதுண்டு. முதல் அணி இறுதி ஆட்டத்திலும் இரண்டாம் அணி காலிறுதியிலும் தோற்றால், எந்தப் பயிற்சியாளர் மிகுதியாகக் கற்பித்தார்? பலகையிலுள்ள எண்கள் இதற்கு விடை கூறா. மாணவர் எங்கிருந்து தொடங்கினர், எங்கு வந்து சேர்ந்தனர் என்னும் இரண்டு புள்ளிகளையும் அறிந்தவரே விடை கூறுதல் இயலும்.

கூடைப்பந்தின் வரலாறு தொடங்கும் இடத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891 டிசம்பரில் இவ்விளையாட்டை உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். குளிர்காலத்தில் உள்ளரங்கில் மாணவர் ஆடுவதற்கென அவர் வகுத்த ஆட்டம் அந்த இயக்கத்தின் வழியாகவே உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் அவ்வியக்கம் சார்பில் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி, பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியது. நெய்ஸ்மித் 1898இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்குக் கூடைப்பந்து அணியின் முதல் பயிற்சியாளரானார். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் அவ்வணி 55 ஆட்டங்களில் வென்றது. 60 ஆட்டங்களில் தோற்றது. புகழ்பெற்ற அப்பல்கலைக்கழக அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிகுதியாகப் பெற்ற பயிற்சியாளர் இவர் ஒருவரே. ஆட்டத்தைப் படைத்தவரே அந்த ஆட்டத்தின் பயிற்சியாளர் பட்டியலில் கடைசியில் நிற்கிறார்.

எண்களோடு நிறுத்திக்கொண்டால் நெய்ஸ்மித்தின் கதை இங்கேயே முடிந்துவிடும். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகி, கூடைப்பந்துப் பயிற்சிக் கலையின் தந்தை எனப் போற்றப்பட்டார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப், டீன் சுமித் ஆகிய இருவரும் தத்தம் பல்கலைக்கழகங்களில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வெற்றிகளைக் கண்டனர். ஆசிரியரின் பெயரில் எழுதப்படாத வெற்றிகள் மாணவர் பெயரிலும், மாணவரின் மாணவர் பெயரிலும் எழுதப்பட்டன.

இவர்கள் மூவரைக் காட்டிலும் நினைக்கத்தக்கவர் இன்னொருவர் உண்டு. 1930களில் கான்சாசில் உடற்கல்வி பயில ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர் வந்தார். நிறவேறுபாடு பாராட்டிய அக்காலத்தில் பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடமில்லை. அணிக்கு ஒரு புள்ளியும் ஈட்டித்தர வழியில்லாத மாணவர் அவர். நெய்ஸ்மித் அப்போது அணியின் பயிற்சியாளராகவும் இல்லை. முதுமை எய்திய பேராசிரியராக இருந்தார். ஆயினும் அம்மாணவரை அரவணைத்துத் தாம் அறிந்தவற்றையெல்லாம் கற்பித்தார். மெக்லெண்டன் பின்னாளில் டென்னசி மாநிலத்தின் கல்லூரி ஒன்றுக்குப் பயிற்சியாளராகி 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து தேசிய அளவிலான பட்டத்தை அவ்வணிக்குப் பெற்றுத்தந்தார். ஆடவே அனுமதிக்கப்படாத மாணவரிடம் கல்வி சென்று சேர்ந்தது. நெய்ஸ்மித்தின் கடைமடை நனைந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பயிற்சியாளரை மதிப்பிடுவோர் மறந்துவிடும் மற்றொன்று காலம். திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் 236 அடி உயரத்தில் பதின்மூன்று நிலைகளுடன் நிற்கும் இராசகோபுரம் 1987இல் நிறைவெய்தியது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அங்கு அடித்தளம் மட்டுமே நின்றது. ஊரார் அதனை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தனர். நிறைவடைந்த கோபுரத்தின் பெருமையைக் கலசம் ஏற்றியவர்களுக்கு மட்டும் அளிப்பது முறையாகுமா? அத்தனை எடையையும் தாங்கி நிற்பது பழையவர்கள் இட்ட கல் அல்லவா? பொறுப்பேற்ற முதலாண்டிலேயே கோப்பை வெல்லும் பயிற்சியாளர் பல நேரங்களில் தமக்கு முன்னிருந்தவர் வளர்த்த மாணவர்களைக் கொண்டே வெல்கிறார். நீக்கப்பட்டவர் இட்ட அடித்தளத்தின்மீது வந்தவர் கலசம் வைக்கிறார்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மிகப் பெரும் வெற்றி பெற்றவராகக் கருதப்படும் ஜான் வுடன், லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1948இல் பொறுப்பேற்றார். அவருடைய அணி முதல் தேசியப் பட்டம் பெற்றது 1964இல். அதன்பின் 1975இல் ஓய்வுபெறும் வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள் வந்தன. முதல் ஐந்தாண்டுகளிலோ பத்தாண்டுகளிலோ பட்டம் இல்லை என்பதைக் காரணம் காட்டி அவரை அனுப்பியிருந்தால், பின்னர் நிகழ்ந்தவை அவர் கையால் நிகழ்ந்திரா.

வுடனின் கடைசிப் பருவத்தில் கல்வி உளவியல் அறிஞர்கள் இருவர் அவருடைய பயிற்சி அரங்கில் அமர்ந்து, அவர் கூறியவற்றையும் செய்தவற்றையும் வகைப்படுத்திக் குறித்தனர். பதினைந்து பயிற்சி அமர்வுகளில் 2,326 செயல்கள் பதிவாயின. அவற்றுள் பாராட்டு ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே. வெறும் கண்டனமும் ஏறத்தாழ அதே அளவே. ஏறத்தாழ முக்கால் பங்கு, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்னும் தெளிவான செய்தியைத் தாங்கியிருந்தது. பருவத்தின் முதல் நாளில் அவர் கற்பித்த பாடம் காலுறை அணிவது. காலுறையில் சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஆட்டக்காரர் பயிற்சியை இழப்பார் என்பது அவர் கணக்கு. வெற்றி முழக்கங்களைத் தேடி அவருடைய அரங்குக்குச் சென்றவர் காலுறையைப் பற்றிய பாடத்தைக் கேட்டுத் திரும்பியிருப்பார்.

கடுமையாகத் திட்டினால்தான் மாணவர் திருந்துவர் என்னும் நம்பிக்கை ஆடுகளங்களில் வேரூன்றியிருக்கிறது. அதற்கு அனுபவமே சான்று என்பர். மோசமாக ஆடிய நாளில் திட்டினேன், மறுநாள் நன்றாக ஆடினான். சிறப்பாக ஆடிய நாளில் பாராட்டினேன், மறுநாள் சொதப்பினான் என்று பயிற்சியாளர் பலர் கூறுவர். பொருளியலுக்கான நோபல் பரிசை 2002இல் பெற்ற உளவியலறிஞர் டேனியல் கானமேன், இசுரேல் விமானப் படையின் பயிற்றுநர்கள் இவ்வாறே கூறக் கேட்டு, அதிலுள்ள பிழையை விளக்கினார். எவருடைய ஆட்டமும் ஒரு சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும். மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள், எவர் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சற்று மேம்பட்டிருப்பதே இயல்பு. மிகச் சிறந்த நாளுக்கு அடுத்த நாள் சற்றுக் குறைவதும் அவ்வாறே. திட்டியவருக்குத் தம் சொல் வேலை செய்ததாகத் தோன்றுகிறது. உண்மையில் வேலை செய்தது சராசரியின் விதி. இந்த மயக்கத்துக்கு மாணவர் கொடுக்கும் விலை, ஆண்டுக்கணக்கில் கேட்க நேரும் வசைச்சொற்கள்.

ஆசிரியரை மதிப்பிடும் நெறியைத் தமிழ் இலக்கணம் முன்பே வகுத்திருக்கிறது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறுகிறது. ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் உண்டு. அவற்றை ஆடுகளத்துக்குக் கொண்டுசென்றால் வியப்பூட்டும் பொருத்தம் தெரிகிறது. கழற்சிக்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் முறையின்றிக் கொட்டும். இன்று தற்காப்பு, நாளை எறிதல், மறுநாள் வேறொன்று என ஒழுங்கின்றிக் கற்பிப்பவர் கழற்குடம். மடல் சூழ்ந்த பனை எவரையும் நெருங்கவிடாது. தானாகப் பழம் உதிர்த்தால்தான் உண்டு. ஐயம் கேட்க வரும் மாணவரை அருகில் நெருங்கவிடாதவர் மடற்பனை. பஞ்சு திணித்த குடுக்கையிலிருந்து பஞ்சு சிறிது சிறிதாகவே வெளிவரும். அறிந்ததைக் கொடுக்க மனமின்றிக் கிள்ளிக் கொடுப்பவர் பருத்திக் குண்டிகை. வளைந்த தென்னை, நீர் ஊற்றியவரின் தோட்டத்தை விட்டு அயலார் தோட்டத்தில் காய் உதிர்க்கும். ஆண்டு முழுவதும் விடியலில் வந்து பயிற்சி செய்த மாணவரை அமரவைத்துவிட்டு, போட்டி நெருங்கும்போது வெளியிலிருந்து அழைத்துவந்த ஆயத்த ஆட்டக்காரரைக் களமிறக்குபவர் முடத்தெங்கு. கடைசியாகக் கூறியவர் கோப்பை வெல்லவும் கூடும். நன்னூலார் அவரை ஆசிரியர் என ஒப்பமாட்டார்.

இவ்வளவும் கூறியதால் வெற்றி ஒரு பொருட்டன்று என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒழுக்கத்தைக் கற்பித்தேன், வெற்றியை நாடவில்லை என்னும் சொல்லும் சில நேரங்களில் சோம்பலுக்குப் போர்வையாகிறது. ஆட்டம் ஒரு திறன். திறன் வளர்ந்ததா என்பதைக் கண்டறிய வழிகள் உள. ஃபிரீ த்ரோ எனப்படும் தடையற்ற எறிதல் அவற்றுள் ஒன்று. அப்போது எதிரணியினர் எவரும் கையை நீட்டித் தடுப்பதில்லை. 3.05 மீட்டர் உயரத்தில் வளையம் அசையாமல் நிற்கிறது. எதிரணி எவ்வளவு வலிமையானதாயினும் அந்த எறிதலின் கடினம் மாறுவதில்லை. ஆதலால் பயிற்சியின் பயனை ஓரளவு நேர்மையாகக் காட்டும் கண்ணாடி அது. முதலாண்டில் நூற்றுக்கு நாற்பது எறிந்த மாணவி மூன்றாமாண்டில் அறுபத்தைந்து எறிந்தால், கோப்பை வந்தாலும் வராவிட்டாலும், அங்குக் கற்பித்தல் நிகழ்ந்திருக்கிறது. எதிரணியிடம் பந்தை வீணே பறிகொடுத்த எண்ணிக்கை குறைந்ததா, முழங்கால் காயங்கள் குறைந்தனவா, இறுதி நிமிடங்களில் ஆட்டக்காரர் தாமே முடிவெடுக்கக் கற்றனரா என்பனவும் இத்தகைய சோதனைகள். இவற்றை ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் கல்லூரி, தன் பயிற்சியாளரைப் பற்றி எந்தச் சுழற்கோப்பையும் சொல்லாதவற்றை அறிந்துகொள்ளும்.

இன்னும் ஒரு சோதனை எஞ்சியுள்ளது. கூடைப்பந்தில் ஓர் அணிக்குப் பன்னிருவர். ஒரே நேரத்தில் களத்தில் நிற்போர் ஐவர். எஞ்சிய எழுவருள் கடைசி இருவரோ மூவரோ ஒரு பருவம் முழுவதிலும் சில நிமிடங்களே ஆடுவர். அவர்கள் பெயர் நாளிதழில் வராது. அவர்களும் அதே விடியலில் எழுகின்றனர். காவிரிப் பாலத்தைக் கடந்து வரும் முதல் பேருந்தில் அவர்களும் நின்றபடியே வருகின்றனர். அவர்களுடைய எறிதல் திருத்தப்பட்டதா? அவர்கள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்களா? காயம்பட்டபோது எவரேனும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்களா? தேர்வுக் காலத்தில் படிப்பதற்கு நேரம் தரப்பட்டதா? மூன்றாண்டு முடிவில் அவர்கள் விளையாட்டை நேசித்துக்கொண்டே வெளியேறினார்களா, வெறுத்து வெளியேறினார்களா? ஐந்து சிறந்த ஆட்டக்காரர்களை எந்தப் பயிற்சியாளரும் கவனிப்பார். அவர்களால் அவருக்குப் பயன் உண்டு. பன்னிரண்டாவது ஆட்டக்காரரைக் கவனிப்பவர், பயன் கருதாமல் கற்பிக்கிறார்.

ஆகவே, பயிற்சியாளரைப் பற்றிய நம்பத்தக்க தீர்ப்பு ஊதல் ஒலித்த மறுகணம் கிடைப்பதில்லை. அது கிடைக்கப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அன்று பலகை இருக்கையில் அமர்ந்திருந்த மாணவி ஏதேனும் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கக்கூடும். வங்கியில் பணியாற்றிக்கொண்டே மாலையில் தெருக் குழந்தைகளுக்குப் பந்தைத் தட்டக் கற்றுக்கொடுக்கக்கூடும். முதல் நாள் பயிற்சிக்கு வந்து அஞ்சி நிற்கும் சிறுமியிடம் அவர் குனிந்து, காலுறையின் சுருக்கத்தை நீக்கிவிடுகிறாரா என்று பார்க்க வேண்டும். அந்தச் சிறுமியின் குதிகாலில் கொப்புளம் வராவிட்டால், எங்கோ திறக்கப்பட்ட நீர் கடைமடையை வந்தடைந்துவிட்டது.